எட்டா, பத்தா? மேகமலை லயத்தில் உடைந்த ஒரு குரலும் ஒலிபெருக்கியின் கணக்கும்

போன வாரம் ரேடியோப் பெட்டி வீட்டுக்குள்ள வந்த கதையைப் பேசினோம். இந்த வாரம் வாசலுக்கு வெளியே கட்டின குழாயைப் பத்திப் பேசலாம். கோயில் திருவிழாவுல, கல்யாண வீட்டுல, கட்சிக் கூட்டத்துல பனைமரத்து உச்சியில கட்டுவாங்களே, அந்தக் கூம்பு ஒலிபெருக்கி. எங்க தேனிப் பக்கம் அதுக்குக் 'குழாய்'னுதான் பேரு. அதை வாடகைக்கு விடறவர் ரேடியோ செட்காரர்.

என் தாய்மாமா சின்னமனூரில் ரேடியோ செட் வைத்திருந்தார். நான் அவருக்கு எடுபிடி. 1988, எனக்குப் பதினேழு வயசு. தீபாவளிக்கு முன்னாடி போனஸ் கூட்டத்துக்கு மேகமலைக்கு ரேடியோ கட்டக் கூப்பிட்டிருந்தார்கள். எந்த எஸ்டேட், எந்தச் சங்கம் என்பதெல்லாம் வேண்டாம். தென்பழனி தாண்டி 18 கொண்டை ஊசி வளைவு. ஜீப்பில் நான்கு குழாய், ஒரு ஆம்ப்ளிபயர், ஒரு ஜெனரேட்டர், ஒயர்ச் சுருள், அதற்கு மேலே நான். மேலே போய்ச் சேர்ந்தபோது மஞ்சு இறங்கி எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை.

மஸ்டர் முன்னாடி மேடை. அங்கேயே இரண்டு குழாய். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், தேயிலைக் காட்டைத் தாண்டி, சுமார் 200 மீட்டரில் கீழ் லயம். கைக்குழந்தைக்காரிகளும் வயசானவர்களும் மழையில் ஏறி வர மாட்டார்கள் என்று அங்கே இரண்டு குழாய். மாமா ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டப் போய்விட்டார். ஆம்ப்ளிபயர் கனெக்‌ஷன் என் பொறுப்பு. அது அவர் அந்த வருஷம்தான் வாங்கிய 100 வாட் டிரான்சிஸ்டர் செட்.

தலைவர் பேச ஆரம்பித்தார். கீழ் லயத்திலிருந்து "கேக்கல, கேக்கல"ன்னு சத்தம். வால்யூமைத் திருகினேன். மேடைப் பக்கக் குழாய் கரகரவென்று உடைந்தது. திரும்பவும் "கேக்கல". இன்னும் திருகினேன். கேட்டிருந்தது பத்து சதவீதம். கிடைத்தது சட்டப்படி கொடுத்தே ஆகவேண்டிய குறைந்தபட்சம், 8.33. தலைவர் அதைச் சொன்னார். மேல் லயத்துக்காரர்களுக்கு எட்டு என்று கேட்டது. கீழ் லயத்துக்காரர்களுக்குப் பத்து என்று கேட்டது.

அங்கே கைதட்டல், இங்கே முணுமுணுப்பு. ராத்திரி ரெண்டு லயமும் சந்தித்தபோது வாய்ச் சண்டையாகிவிட்டது. "மேடையில பத்துன்னு சொல்லிட்டு இப்ப எட்டுங்கிறியா, எவ்வளவு வாங்கினே?" என்று தலைவரை நேருக்கு நேர் கேட்டார்கள். பாவம், அந்த மனுஷர் விடியற்காலையில் மழையில் இறங்கி, வீடு வீடாக நின்று வெறும் வாயால் எட்டு, எட்டு என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. நான் மாட்டிய ஒயர் அவரைப் பொய்யராக்கிவிட்டது.

என்ன நடந்தது என்று புரிய, குழாய் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்க்கணும்.

டென்மார்க்கில் பிறந்த பீட்டர் ஜென்சன், அமெரிக்கர் எட்வின் பிரிதாம். இந்த ரெண்டு பேரும் கலிபோர்னியாவில் நாபா என்ற ஊரில் டெலிபோன் ரிசீவரை நல்லதாக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காந்தத்துக்கு நடுவில் ஒரு கம்பிச் சுருள், அது அசைந்தால் ஒரு தகடு அசையும். அதன் வாயில் கிராமபோன் கூம்பைப் பொருத்தினார்கள். தெருக்கோடி வரைக்கும் கேட்டது. 1915 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் கூடிய பெருங்கூட்டம் அதில் பாட்டும் பேச்சும் கேட்டது. அவர்கள் வைத்த பெயர் மேக்னவாக்ஸ், லத்தீனில் பெருங்குரல். 1919-இல் அமெரிக்க ஜனாதிபதி வில்சன் சான் டியேகோவில் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுகொண்டு அதன் வழியாக ஆயிரக்கணக்கானவர்களிடம் பேசினார்.

ஏன் கூம்பு? அந்தக் காலத்து ஆம்ப்ளிபயர்கள் சில வாட்டுக்கு மேல் தராது. வெறும் காகிதக் கோன் ஸ்பீக்கர், வாங்குகிற மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கைச் சத்தமாக்கினாலே பெரிசு. மிச்சமெல்லாம் சூடாகப் போகும். கூம்பு அதை இருபது, முப்பது பங்கு வரைக்கும் ஏற்றும். ஒடுங்கின வாயிலிருந்து மெல்ல விரிகிற அந்த வடிவம், சின்னத் தகட்டுக்கும் பெரிய காற்றுவெளிக்கும் நடுவில் பொருத்தம் பார்த்துக் கொடுக்கிற தரகர் மாதிரி. இன்றைய கதை முழுக்கப் பொருத்தம்தான். குழாயின் வடிவமே முதல் பொருத்தம்.

1925-இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ரெண்டு பேரும் இன்றைக்கு நம் வீட்டில் இருக்கிற காகிதக் கோன் ஸ்பீக்கரின் மூதாதையை வெளியிட்டார்கள். அது கடைக்கு வந்தபோது தனி ஸ்பீக்கராக வரவில்லை. அதற்கென்றே செய்த ஆம்ப்ளிபயரை அதே பெட்டிக்குள் வைத்து விற்றார்கள். கண்ட ஆம்ப்ளிபயரோடு சேர்த்தால் பெயர் கெட்டுவிடும் என்று அந்த முதல் நாளிலேயே தெரிந்திருக்கிறது பாருங்க.

இந்தியாவில் குழாயைக் கூட்டத்தோடு சேர்த்து வைத்தவர் நானிக் மோட்வானி. 1930களில் காங்கிரஸ் மாநாடுகளுக்கு அவருடைய சிகாகோ ரேடியோ நிறுவனம்தான் ஒலிபெருக்கி கட்டியது. காந்தி, நேரு மைக் முன்னால் நிற்கும் பழைய படங்களை உற்றுப் பாருங்க, பல மைக்குகளில் அந்தப் பெயர்ப் பலகை தெரியும். பிறகு டெல்லியில் அஹுஜா வந்தது. எங்கள் மாமா தலைமுறைக்கு ஆம்ப்ளிபயர் என்றாலே அந்தப் பெயர்தான்.

கம்பம் பள்ளத்தாக்கு குழாய்க்கென்றே அமைந்த ஊர். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடி அலைந்த நிலம் இது. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் மலைமேல் தமிழ்த் தொழிலாளர்களிடம் அவர் பாடப் போனார். தம்பி இளையராஜா அண்ணனோடு மேடை ஏறத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். வயலுக்கும் மலைக்கும் நடுவே பரந்து கிடக்கிற ஊர்களில் பாட்டும் அரசியலும் சாவுச் செய்தியும் குழாய் வழியாகத்தான் போச்சு. எங்கள் பக்கம் இன்றைக்கும் குழாயில் இசைத்தட்டு போட்டுக் கேட்கிற பித்தர்கள் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருத்தன், மறைப்பானேன்.

சரி, மேகமலைக்குத் திரும்புவோம்.

மறுநாள் காலை மஞ்சு விலகினதும் மாமா என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஒண்ணொண்ணா கழட்டுடா மாப்ள" என்றார். மேடைப் பக்கத்துக் குழாய் ஒன்றை மட்டும் மாட்டினோம். மணி மாதிரி பேசியது. யூனிட்டில் சுருள் உரசவில்லை, டயாபிரம் கிழியவில்லை. இரண்டாவதையும் சேர்த்தோம். சத்தம் ஏற்றினால் லேசாகக் கரகரத்தது. நான்கையும் சேர்த்தோம். ராத்திரி கேட்ட அதே உடைசல்.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். ஒரு ஸ்பீக்கர் உடைகிறதா, அதைக் கழற்றி நல்ல ஆம்ப்ளிபயரில் மாட்டுங்க. உடைசல் ஸ்பீக்கரோடு கூடவே வந்தால் கோளாறு அதில். மீட்டரில் பார்த்தால் 16 ஓம் யூனிட் 12, 13 காட்டணும், 8 ஓம் என்றால் 6, 7. கோன் ஸ்பீக்கர் என்றால் இரண்டு கட்டைவிரலாலும் சமமாக அமுக்கிப் பாருங்க, சரசரத்தால் சுருள் உரசுகிறது. ஸ்பீக்கர் தனியே நன்றாகப் பேசி, கூட்டத்தோடு சேர்ந்தால் மட்டும் உடைகிறதென்றால் குற்றம் பொருத்தத்தில். எங்களுக்கு நடந்தது இந்தக் கடைசிதான்.

ஆம்ப்ளிபயர் பின்பக்கம் ஆணிகள் வரிசையாக இருக்கும்: காமன், 4, 8, 16, கடைசியில் 100 வோல்ட். குழாயில் 16 ஓம் என்று எழுதியிருந்தது. நான் அதைப் பார்த்து நான்கையும் 16 ஆணியில் மாட்டிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் இணைச் சுற்று படித்தவன்தான். நான்கு 16 ஓம் பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்தால் 4 ஓம் என்பது பரீட்சைத் தாளில் தெரிந்தது, மஞ்சில் தெரியவில்லை.

கணக்கைப் பாருங்க. 100 வாட் செட்டில் 16 ஆணி தருவது 40 வோல்ட். கீழ் லயத்துக்கு 200 மீட்டர் ஒயர், போக வர 400. அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, மொத்தம் 14 ஓம் தடை. அங்கே இருந்த இரண்டு குழாய் சேர்ந்து 8, ஒயரோடு 22. மேடைப் பக்கம் இரண்டு குழாய் 8. எல்லாம் சேர்ந்து ஆம்ப்ளிபயர் கண்டது ஏறத்தாழ 6 ஓம். 6 ஓமில் 40 வோல்ட் தள்ள 270 வாட் வேணும். 100 வாட் மாடு 270 வாட் பாரத்தை இழுக்குமா? அலையின் உச்சியை எட்ட முடியாமல் மேலேயும் கீழேயும் தட்டையாக வெட்டிவிடும். அந்த வெட்டுத்தான் கரகரப்பு. போதாததற்கு ஜெனரேட்டர் வேறு மூச்சுவாங்கியது. வோல்டேஜ் இறங்கினால் வெட்டு இன்னும் சீக்கிரம் வரும்.

இதில் கொடுமை என்னவென்றால் கீழ் லயத்தின் பங்கு. அந்த 40 வோல்ட்டில் 22-க்கு 8 பங்குதான் குழாய்க்குப் போய்ச் சேரும், மிச்சம் ஒயரைச் சூடாக்கும். சக்தியில் சொன்னால், மேடைப் பக்கக் குழாய்க்குக் கிடைத்ததில் சுமார் எட்டில் ஒரு பங்கு. அவர்கள் "கேக்கல" என்றது நியாயம். நான் வால்யூமைத் திருகத் திருக இங்கே உடைந்தது, அங்கே ஏறவில்லை.

மாமாவிடம் பழைய வால்வு செட் இருந்தவரை இந்தத் தப்பு நடந்ததில்லை. அதில் எந்த ஆணி என்று சாக்பீஸால் எழுதி வைத்திருப்பார். டிரான்சிஸ்டர் செட் வந்தபோது தொழிலே தலைகீழாகிப் போச்சு. வால்வு செட் ஓடும்போது குழாயைக் கழற்றவே கூடாது. லோடு இல்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜ் எகிறிப் பொறி பறந்துவிடும். ஒயர் ஷார்ட் ஆனால் கொஞ்ச நேரம் தாங்கும். டிரான்சிஸ்டருக்கு நேர் எதிர். குழாயைக் கழற்றினால் சும்மா கிடக்கும், ஷார்ட் ஆனால் செத்துப்போகும். உடைவதிலும் வித்தியாசம் உண்டு. வால்வு உச்சியை வளைத்து அமுக்கும், காதுக்கு 'கனமா இருக்கே' என்றுகூடத் தோணும். டிரான்சிஸ்டர் கத்தி வைத்து வெட்டும். இருபது வருஷம் ஒரு விதியோடு பழகின கைகள் ஒரே சீசனில் மறு விதிக்கு மாறணும் என்றால் எத்தனை செட் புகைந்திருக்கும்! அந்தக் காலத்து ரேடியோ செட்காரர்களைக் கேட்டுப் பாருங்க, ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள்.

இப்போ 100 வோல்ட் ஆணி. அது ஏன் இருக்கு என்று கேட்டேன். மாமா கையை நீட்டி மலைக்கு அந்தப் பக்கம் காட்டினார். மேகமலை அணைகளில், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு என்று தேங்குகிற தண்ணீர் குழாய் வழியாக இறங்கிச் சுருளியாறு மின் நிலையத்தில் கரண்ட் ஆகிறது. 1978-இல் வந்தது, 35 மெகாவாட். "அங்கிருந்து ஊருக்கு 230 வோல்ட்டாவா அனுப்புறான்?" என்றார். இல்லை. வோல்ட்டை ஏற்றி அனுப்பினால் ஆம்பியர் குறையும், கம்பியில் நஷ்டம் குறையும். ஊருக்குள் வந்ததும் டிரான்ஸ்பார்மரில் இறக்கிக்கொள்வார்கள்.

நூறு வோல்ட் லைன் அதே தந்திரம்தான். அமெரிக்காவில் 70 வோல்ட், நம்ம பக்கமும் ஐரோப்பாவிலும் 100. ஆம்ப்ளிபயர் உயர்ந்த வோல்ட்டில் அனுப்பும், ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு லைன் மேட்சிங் டிரான்ஸ்பார்மர் இறக்கிக் கொடுக்கும். இதில் ஓம் கணக்கே வேண்டாம், வாட்டைக் கூட்டினால் போதும். டிரான்ஸ்பார்மரில் 10, 15, 30 என்று முனை இருக்கும். மேடைப் பக்கக் குழாய்க்கு 15, 15. கீழ் லயத்துக்கு 30, 30. கூட்டினால் 90. செட் 100. பத்து வாட் கையில் மிச்சம். அதே மெல்லிய ஒயரில் இப்போது பத்தில் ஒரு பங்கு சக்திகூட வீணாகாது. தூரத்துக் குழாய்க்கு அதிகம், பக்கத்துக்குக் குறைவு என்று பிரித்துக் கொடுக்கவும் முடிகிறது. மாமா பெட்டியில் நான்கு டிரான்ஸ்பார்மரும் கிடந்தன. எடுத்து மாட்ட எனக்குத் தோணவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நானே என்னைக் குறுக்கே கேட்கணும். வெறும் உடைசல் எட்டைப் பத்தாக்குமா? 1940களில் ஹார்வர்டில் லிக்லைடர் என்பவர் பேச்சொலியின் உச்சியையெல்லாம் மட்டமாக வெட்டி ஆட்களுக்குப் போட்டுக் காட்டினார். கேட்க நாராசமாக இருந்தும் வார்த்தைகள் பெரும்பாலும் புரிந்தன. அப்படியானால் நான் சும்மா குற்ற உணர்ச்சியோடு அலைகிறேனா?

இல்லை. பொருத்தம் தப்பினதில் இன்னொன்றும் நடந்தது. மேடைப் பக்கக் குழாய்கள் பள்ளத்தைப் பார்த்து முழங்கின, கீழ் லயத்துக் குழாய்கள் முனகின. மலைக் குளிரில் ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும், 200 மீட்டர் கடக்க 0.6 நொடி. கீழ் லயத்துப் பெண் தன் வாசல் குழாயில் ஒரு வார்த்தையைக் கேட்கும்போது, மூணு நாலு அசைக்கு முந்தைய வார்த்தை பள்ளத்தைத் தாண்டி உடைந்த குரலில் வந்து அதன்மேல் விழுகிறது. எட்டும் பத்தும் ரெண்டுமே 'உ'வில் முடியும். முதலெழுத்தையும், நடுவில் ட்ட-வா த்த-வா என்பதையும் வைத்துத்தான் பிரித்தறிகிறோம். மெய்யெழுத்தின் வித்தியாசமெல்லாம் மெலிந்த, உயர்ந்த சுருதியில் இருக்கிற சத்தம். எதிரொலியும் கரகரப்பும் முதலில் தின்பது அதைத்தான். மிச்சம் இருக்கிற ஓட்டையை மனசு தனக்குப் பிடித்ததைப் போட்டு அடைத்துக்கொள்ளும். அவர்கள் ஒரு மாசமாகப் பத்து, பத்து என்றே பேசிக்கொண்டிருந்தவர்கள்.

இன்றைக்குக் குழாய் அருகிவிட்டது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. கூம்பு வேண்டாம், பெட்டி ஸ்பீக்கர் மட்டும் என்று போலீஸ் அனுமதிக் கடிதத்திலேயே எழுதுகிறார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கிழவர், எல்லோருக்கும் தூங்க உரிமை உண்டு. ஆனால் டெசிபல் மீட்டர் சத்தத்தின் அளவைத்தான் சொல்லும், உடைசலைச் சொல்லாது. தெருவில் காதைப் பொத்திக்கொள்கிறவர்களில் பாதிப்பேர் பொத்துவது உடைந்த சத்தத்துக்கு என்பது என் அனுபவம். நன்றாகப் பொருத்தின செட்டில் வால்யூம் குறைத்தாலும் வார்த்தை புரியும். பொருத்தாத செட்டில்தான் புரியவில்லை, ஏத்து, புரியவில்லை, ஏத்து என்று போகும்.

பெட்டி வந்த பிறகும் தப்பு போகவில்லை, ஆடை மாற்றிக்கொண்டது. 'சின்ன ஆம்ப்ளிபயர் போட்டா பெரிய ஸ்பீக்கர் எரியாது' என்று இப்போதும் நம்புகிறார்கள். எரியும். சின்னதை முழுசாகத் திருகினால் அலை வெட்டுப்பட்டு ஏறத்தாழச் சதுரமாகிறது. ஒரே உயரத்துக்கு, சதுர அலையில் சாதாரண அலையைவிட இரண்டு மடங்கு சக்தி. 100 வாட் என்று எழுதின பெட்டி 200 வாட் வரை கக்கும். அதோடு கூடுதலாகப் பிறக்கிற மேல்சுருதிகள் ட்வீட்டரைத் தேடிப் போகும். குழாய் யூனிட்டுக்கு வேறு எமன், தாழ்ந்த சுருதி. கூம்பு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே காற்றைப் பிடிக்காது, தகடு பிடிமானம் இல்லாமல் துள்ளித் துள்ளியே கிழியும். பாஸ் பட்டனைத் திருகி குத்துப்பாட்டு போடும் தம்பிகளே, 16 ஓம் யூனிட்டோடு வரிசையில் 33 மைக்ரோ ஃபாரட் நான்-போலார் கண்டென்சர் ஒன்றைச் சேருங்க. யூனிட் பிழைக்கும்.

அடுத்த வருஷமும் அதே கூட்டத்துக்குப் போனோம். கூப்பிட்டார்களே என்று எனக்கே ஆச்சரியம். 100 வோல்ட் லைன், டிரான்ஸ்பார்மர் எல்லாம் மாட்டி முடித்ததும் மாமா என்னைக் கீழ் லயத்துக்கு அனுப்பினார். மேடையில் ஒரு பையனை நிறுத்தி, ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் உள்ள எண்களை முன்னுக்குப் பின் மாற்றி மாற்றிச் சொல்லச் சொன்னார். நான் லயத்து வாசலில் ஒரு பாட்டி பக்கத்தில் நின்று, கேட்டதைச் சிலேட்டில் எழுதிக்கொண்டு மேலே ஏறிப் போகணும். எட்டு, மூணு, பத்து, ஏழு, பத்து, எட்டு. பாட்டி எனக்கு முன்னாடியே ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டு வந்தது. ஏறிப்போய்க் காட்டினேன். மாமா சரிபார்த்துவிட்டு, "இப்ப தலைவரைக் கூப்பிடு" என்றார்.